வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்த ரேமை நாங்கள் எடுக்கவில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடையிலிருந்து உங்களுக்கு வழக்கமாக வருவது 'லேப்டாப் ரெடி, வந்து எடுத்துக்கொள்ளவும்' என்ற ஒற்றை வரிதான். இந்த முறை கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியதாகிவிட்டது. காரணம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வாரமாக ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பிவைத்தார்கள். 'சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கிய லேப்டாப்பை வீட்டில் திறந்து பார்த்தேன், உள்ளே ரேமே இல்லை, கழற்றி எடுத்துக்கொண்டார்கள்' என்று அதில் ஒருவர் பேசுகிறார். நம் கடையின் பெயரையும் சொல்கிறார். குரலைக் கேட்டதுமே யாரென்று தெரிந்துவிட்டது. எட்டு வருடமாக நம்மிடம் வருகிறவர். வேறு யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்தால் ஒரு விரல் நீளத்துக்குப் பச்சை நிறப் பட்டை ஒன்று இருக்கும். இரண்டு பக்கக் கொக்கிகளையும் விலக்கினால் படக்கென்று மேலே எழும்பும். அதுதான் ரேம், லேப்டாப் வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடக் கழற்றி மாட்டலாம். நம் வாடிக்கையாளர் தன் மெஷினில் தேடியதும் அதைத்தான். அது அங்கே இல்லை. வாங்கிய அன்றும் இருந்ததில்லை. அந்த மாடலில் ரேம் என்பது பிராசசர் என்ற முக்கியச் சில்லுக்குப் பக்கத்தில், மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட நான்கு கறுப்புச் சில்லுகள். அவற்றின் மேல் ஒரு தகடு வேறு மூடியிருக்கிறது. யூடியூப் பார்த்துத் திறந்தவருக்கு அது ரேம் என்று எப்படித் தெரியும்? அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: லேப்டாப் ஆன் ஆகிறதா? ஆகிறது. ரேமே இல்லாமல் எந்தக் கம்ப்யூட்டரும் விண்டோஸ் வரை வந்து நிற்காது.

உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் ஸ்குரூ டிரைவரே வேண்டாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்துங்கள். எத்தனை ஜிபி என்பது மேலேயே இருக்கும். கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் பற்றவைத்த ரேம். 'எஸ்ஓடிம்' என்று வந்தால் கழற்றி மாட்டும் ரேம். அரை நிமிட வேலை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்தச் சில்லை ஒருவன் திருட வேண்டும் என்றால் என்னென்ன செய்ய வேண்டும் தெரியுமா? போர்டை முழுதாக வெளியே எடுக்க வேண்டும். கீழிருந்து சூடேற்றி, மேலிருந்து ஹாட் ஏர் அடிக்க வேண்டும். ஒவ்வொரு சில்லுக்கும் அடியில், அதைப் போர்டோடு பற்றவைத்திருக்கும் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு உலோக உருண்டைகள் இருக்கின்றன. அத்தனையும் ஒரே சமயத்தில் உருக வேண்டும். பக்கத்திலிருக்கும் பிராசசர் கெடக்கூடாது. எடுத்த சில்லை வேறு போர்டில் உட்கார வைக்க வேண்டும் என்றால் புதிதாக உருண்டைகள் வைக்க வேண்டும். பல போர்டுகளில் எந்த ரேம் என்று அடையாளம் சொல்லும் கடுகு அளவு ரெசிஸ்டர்களையும் மாற்ற வேண்டும். இவ்வளவையும் செய்து முடிக்கிற ஆளுக்குத் திருட வேண்டிய அவசியமே இருக்காது, நேர்மையாகவே நன்றாகச் சம்பாதிக்கலாம். சர்வீஸ் மேசைக்கு மேலே கேமரா ஓடுகிறது. அவர் வந்தால் அவருடைய மெஷின் மேசையில் இருந்த முழு நேரத்தையும் போட்டுக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

(வாங்கும்போது 'ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்' என்று நம் கடைப் பையன் ஒருவன் அவரிடம் சொல்லியிருக்கலாம் என்று தெரிகிறது. விசாரித்துவிட்டேன்.)

கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்று கேட்பீர்கள். மெல்லிசாக்க வேண்டும் என்பது பெரிய காரணம். 2008 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை எடுத்துக் காட்டினார். 1.36 கிலோ. ரேம் பற்றவைத்தது, யுஎஸ்பி ஒன்றே ஒன்று, சிடி டிரைவ் இல்லை, நெட்வொர்க் கேபிள் மாட்ட இடமில்லை. அலுவலக வேலை செய்கிறவர்கள் இதை வாங்க மாட்டார்கள் என்று அன்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். 2011இல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்று பெயர் வைத்து எல்லாக் கம்பெனிகளையும் அந்த வழியில் இழுத்தது. 2012இல் அலுவலகங்களுக்கான லெனோவோவின் திங்க்பேட் வரிசையிலேயே எக்ஸ்1 கார்பன் என்ற மெல்லிய மாடல் வந்துவிட்டது, அதிலும் ரேம் பற்றவைப்புதான். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

மெல்லிசு மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. இப்போது பற்றவைக்கும் ரேம் பெரும்பாலும் முதலில் செல்போனுக்காக வந்த வகை. மின்சாரம் குறைவாகக் குடிக்கும், பிராசசருக்கு ஒட்டி இருப்பதால் வேகமும் அதிகம். கழற்றி மாட்டும் டிடிஆர்5 வகை ரேம் பெரும்பாலும் 5600 என்ற வேகத்தில் (நொடிக்கு இத்தனை மில்லியன் பரிமாற்றம்) ஓடுகிறபோது, பற்றவைத்த எல்பிடிடிஆர்5எக்ஸ் வகை 7500இல் ஓடுகிறது. இன்டெல் 2024இல் விட்ட லூனார் லேக் பிராசசரில் ரேம் போர்டில்கூட இல்லை, பிராசசரோடு ஒரே பொதியிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆக லாபமும் இருக்கிறது. ஆனால் 16 ஜிபி வாங்கினால் அந்த மெஷின் சாகும்வரை 16 ஜிபிதான். நான்கு சில்லில் ஒன்று போனாலும் போர்டு வேலைதான்.

பேட்டரியும் இதே கதை. பழைய லேப்டாப் பேட்டரிக்குள் உருளை வடிவ செல்கள் இருக்கும். 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த ஒற்றைச் செல்லே இன்று நீங்கள் பையில் வைத்திருக்கும் பல லேப்டாப்புகளைவிடத் தடிமன். அப்புறம் அது எங்கே உள்ளே போகும்? அதனால்தான் தட்டையான பை போன்ற செல்கள் வந்தன. தாழ்ப்பாளை இழுத்துப் பேட்டரியைக் கையில் எடுக்கும் வசதியும் போனது. 2018இல் வந்த திங்க்பேட் டி480இல் மெஷினை அணைக்காமலே பின்பக்கப் பேட்டரியை மாற்றலாம், உள்ளே இன்னொரு பேட்டரி தாங்கும். அடுத்த வருடம் வந்த டி490இல் அது இல்லை. டி480 கேட்டு இன்றைக்கும் நம் கடைக்கு ஆள் வருகிறார்கள்.

தட்டைச் செல் வயதானால் உப்பும். உள்ளே இடம் இல்லாததால் அது மேலே தள்ளும், மேலே இருப்பது டச்பேட். டச்பேட் கிளிக் ஆகவில்லை என்றோ மூடி சரியாக மூடவில்லை என்றோ தோன்றினால், தயவுசெய்து அழுத்தி மூடாதீர்கள். சார்ஜரைக் கழற்றி, அணைத்துவிட்டு, கொண்டு வாருங்கள். போன மாதம் ஒருவர் மூடியின் மேல் தடிமனான சட்டப் புத்தகங்களை அடுக்கி 'சரி' செய்துகொண்டு வந்தார். நல்லவேளை, எதுவும் பற்றிக்கொள்ளவில்லை. எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்கிறவர்கள், செட்டிங்கில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். பேட்டரி இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்.

வீடியோ எடிட்டிங் செய்யும் வாடிக்கையாளர்கள் சிலர் 'புது லேப்டாப் பழசைவிட மெதுவாக இருக்கிறது' என்று என்மேல் வருத்தத்தில் இருக்கிறார்கள். பிராசசர் வேலை செய்தால் சூடு வரும், சூடு வெளியேறக் காற்று வேண்டும், காற்றுக்கு இடம் வேண்டும். தடித்த மெஷினில் பெரிய ஃபேன் நிதானமாகச் சுற்றி வேலையை முடித்துவிடும். மெல்லிய மெஷினில் பிஸ்கட் கனத்துக்கு ஒரு ஃபேன், அது வேகமாகச் சுற்றிக் கத்தினால்தான் உண்டு. அதுவும் போதாமல் சூடு 100 டிகிரியை நெருங்கினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஒரு மின்னஞ்சல், ஒரு எக்செல் என்றால் மின்னல் மாதிரி இருக்கும். ஒரு மணி நேர வீடியோவை ஏற்றுமதி செய்தால் முதல் சில நிமிடம் ஓட்டம், பிறகு நடை. இரண்டு லேப்டாப்பில் ஒரே பிராசசர் பெயர் இருந்தாலும் இதனால்தான் வேகம் ஒன்றாக இருப்பதில்லை. விளம்பரத் தாளில் அந்த முதல் சில நிமிடம்தான் அச்சாகிறது. எல்லா மெல்லிய மெஷினும் சுடும் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். 2020 இறுதியில் வந்த எம்1 மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது, அன்றாட வேலைக்கு அது அருமையாக ஓடுகிறது. சில்லு குறைவாக மின்சாரம் குடித்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

கீபோர்டைப் பற்றி ஒரு வார்த்தை. நிறைய மாடல்களில் இப்போது அது கைவைக்கும் மேல்தட்டோடு சேர்த்து ரிவிட் அடித்து வருகிறது. ஒரு பட்டன் போனால்கூட முழு மேல்பாகத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். ஆப்பிளே 2015இல் மெல்லிசுக்காக ஒரு புதுவகைக் கீபோர்டு போட்டு, தூசி விழுந்தாலே பட்டன் சிக்கிக்கொள்ள, 2018இல் இலவசமாகச் சரிசெய்யும் திட்டம் அறிவித்து, 2019 கடைசியில் பழைய வகைக்கே திரும்பியது. 2021 மேக்புக் புரோவில், முன்பு எடுத்துவிட்ட எச்டிஎம்ஐ என்ற திரை கேபிள் துளையும் மெமரி கார்டு துளையும் திரும்பி வந்தன. அவ்வளவு பெரிய கம்பெனியே பின்வாங்கும் என்றால், ஒரு சின்னக் கடை 'இதைப் பிரித்தெடுக்க முடியாது' என்று சொல்வதில் என்ன மோசடி இருக்கிறது?

இதையெல்லாம் படித்துவிட்டு மெல்லிய லேப்டாப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். நானே 1 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன். முன்பு லேப்டாப்பும் செங்கல் மாதிரி சார்ஜரும் சேர்ந்து 3 கிலோ; அதைத் தினமும் சுமந்த தோள்பட்டைக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் முதலில் செய்வதும் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பதுதான். அடியில் எத்தனை ஸ்குரூ இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் கேட்டவர்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம்.

இனிமேல் போர்டு வேலைகள் கொஞ்சம் தாமதமாகும், அதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் கடையில் 11 வருடமாக மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்திருந்த தம்பியை உங்களுக்குத் தெரியும். நிமிர்ந்து பார்க்காமலே குரலை வைத்து 'வாங்க சார்' என்பான். அவனுக்கு வெளியூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். சந்தோஷம்தான், நான்தான் போகச் சொன்னேன். அந்த நாற்காலிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஸ்குரூ கழற்றி பார்ட் மாற்ற ஆள் இருக்கிறார்கள், போர்டில் சில்லு அளவில் பழுது பார்க்கும் சிப் லெவல் வேலைக்கு இல்லை. அதனால் போர்டு வேலைகளை நம்பிக்கையான ஒரு வெளி இடத்துக்கு அனுப்புகிறோம். 3 நாள் ஆனது இனி 10 நாள் ஆகலாம். போர்டு வேலைக்கான உத்தரவாதம் 6 மாதத்துக்குப் பதில் 3 மாதம். மற்ற எல்லாம் பழையபடிதான்.

ஆனால் விற்கும் இடத்தில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். இனி எந்த லேப்டாப் வாங்கினாலும் பில்லோடு ஒரு அரைத்தாள் வரும். ரேம் பற்றவைத்ததா, மாட்டியதா. ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இன்னொரு துளை உண்டா. பேட்டரி ஸ்குரூவிலா, பசையிலா. கீபோர்டு தனியாகக் கழலுமா. நீங்கள் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பில். உங்களைப் பற்றிய அவநம்பிக்கையால் செய்வதல்ல, இன்னொரு குரல் பதிவை என்னால் தாங்க முடியாது. ரேமைக் கூட்ட முடியாத மாடல் என்றால் இன்றைய தேவைக்கு ஒரு படி மேலே வாங்கச் சொல்வோம். விற்பனைத் தந்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிலைமை மாறும் அறிகுறியும் தெரிகிறது. மெல்லிசாகவும் கழற்றக்கூடியதாகவும் இருக்கும் கேம்2 என்ற ரேம் வகைக்கு 2023 டிசம்பரில் தரநிலை வந்தது. 2024இல் ஒரு திங்க்பேடில் பார்த்தோம். ஃபிரேம்வொர்க் என்ற கம்பெனி 2021 முதல் பெரும்பாலான பாகங்கள் கழலும் மெல்லிய லேப்டாப் செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். நம் மேசைக்கு இதெல்லாம் வந்து சேர நாளாகும்.

அந்தக் குரல் பதிவைக் கேட்ட பிறகும் மறுநாள் காலையில் லேப்டாப்போடு கடை வாசலில் நின்றவர்களை நான் மறக்க மாட்டேன். ஒரு ஆடிட்டர் அம்மா தன் அலுவலகத்தின் ஆறு மெஷினையும் ஒரே நாளில் சுத்தம் செய்யக் கொண்டுவந்து வைத்துவிட்டு, 'ரேமை எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவேன்' என்று சிரித்துவிட்டுப் போனார். அன்று முழுக்கக் கடையில் எல்லோருக்கும் வேலை ஓடியது. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

சர்வீஸுக்குக் கொண்டுவரும் முன் ஃபைல்களை ஒரு பிரதி எடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்

பி.கு.: குரல் பதிவு போட்ட சாருக்கு. உங்கள் சார்ஜரை அன்றைக்கு இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். பெயர் எழுதி மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வரலாம்.