சாப்பாடு இலவசம், படிவம் மட்டும் பாக்கி

கலிஃபோர்னியா சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சான் ஹோசேயில் இரண்டு பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் தகப்பன் எழுதுகிறேன். 2022 முதல் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலையும் மதியமும் இலவசச் சாப்பாடு போடுகிறீர்கள். நான் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவன். தட்டு ஏந்தி நிற்கும் வரிசையில் யார் ஏழை என்று தெரியாமலிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். நன்றி.

ஆனால் பள்ளிக்கு வரும் பணம் இன்னும் பெற்றோர் நிரப்பித் தரும் வருமானப் படிவத்தை நம்பித்தான் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிதிச் சட்டப்படி, ஏழைப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் அடிப்படைத் தொகைக்கு மேல் 20 சதவீதம் பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்கு, கிடைக்கிறது. ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகளுக்கும் வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். இவர்கள் எல்லோருமாக மாவட்டத்தில் 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பங்குக்கு அடிப்படைத் தொகையில் இன்னும் 65 சதவீதம். நல்ல சட்டம், குறை சொல்ல மாட்டேன்.

சரி, ஏழை யார் என்று எப்படித் தெரியும்? உணவு உதவி வாங்கும் குடும்பம் என்றால் பெயர் அரசுப் பட்டியலிலிருந்தே வந்துவிடும். மற்றவர்கள் படிவம் நிரப்ப வேண்டும். சாப்பாடுதான் சும்மா கிடைக்கிறதே, யார் நிரப்புவார்கள்?

போன ஆகஸ்டில் பள்ளியில் படிவ மேசையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யார் கைக்குப் போகும்?" என்று கேட்டார். குடியுரிமை பற்றி அதில் ஒரு கேள்விகூட இல்லை என்றேன். தலையாட்டினார், நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அது திரும்பி வரவேயில்லை. மாநிலம் பிள்ளைகளை எண்ணும் அக்டோபர் முதல் புதன்கிழமைக் கணக்கில் அவர் பிள்ளை ஏழை இல்லை.

யார் ஏழை என்று முடிவு செய்யும் வருமான வரம்பு இன்னொரு கூத்து. நாலு பேர் குடும்பத்துக்கு 2025-26இல் ஆண்டுக்கு 59,478 டாலர். மிசிசிப்பி கிராமத்துக்கும் இதே தொகை, சான் ஹோசே வாடகைக்கும் இதே தொகை! 1960களில் உணவுச் செலவை மூன்றால் பெருக்கிப் போட்ட வறுமைக் கோட்டின் வழிவந்த கணக்கு இது. டெக்சாஸ்கூட 2019இலிருந்து ஏழைப் பிள்ளை எந்தப் பகுதியில் குடியிருக்கிறது என்று பார்த்துத் தொகையைக் கூட்டிக் குறைக்கிறது.

படிவத்தை ஒழியுங்கள் என்று கேட்கவில்லை. மாசசூசெட்ஸ் சில ஆண்டுகள் அரசுப் பட்டியலை மட்டும் நம்பியது. உதவித் திட்டங்களில் சேர முடியாத குடியேறிகளின் பிள்ளைகள் கணக்கிலிருந்து விழுந்தார்கள். பிறகு பழைய வருமான வரம்புக்கே திரும்பியது. வரித்துறையிடம் இருக்கும் வருமான விவரத்தோடு பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அதிலும் சிக்காதவர்களுக்குப் படிவம் இருக்கட்டும். வரம்பை மாவட்ட வாடகையைப் பார்த்து வையுங்கள்.

இதற்கெல்லாம் நாளாகும். வரும் ஆகஸ்டில் நான் மறுபடி அந்த மேசையில் உட்காருவேன். அதற்குள் படிவத்தின் தலையில், இது சாப்பாட்டுக்கு அல்ல, உங்கள் பிள்ளையின் பள்ளிக்குப் பணம் வருவதற்கு என்று ஸ்பானிஷிலும் வியட்நாமியத்திலும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்