நினைவஞ்சலிப் படங்கள் மங்குவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தேயிலைத் தோட்டத்து மக்களின் 31ஆம் நாள் நினைவஞ்சலி அட்டையும் கோயில் திருவிழாப் பதாகையும் அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற நகரங்களின் கணினிக் கடைகளில்தான் தயாராகின்றன. முகம் மங்கி அச்சாகிவிட்டால் பழி பிரின்டர் மேல் விழுகிறது. ஆனால், பெரும்பாலும் படத்தை வாங்கிக் கணினியில் திறக்கும் போதே காரியம் கெட்டுவிடுகிறது.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோவின் நீண்ட பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு (படத்தை உருவாக்கும் புள்ளிகள்) சுருங்கிவிடும். தெளிவான அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அது 5 அங்குலத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். ஏ4 தாளின் நீளமோ 11.7 அங்குலம். போட்டோஷொப்பில் இழுத்துப் பெரிதாக்கினால் பிக்சல் கூடும், முகத் தெளிவு கூடாது. படத்தை ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் மூலக் கோப்பே கைக்கு வரும்.

ஐபோன் படம் திறக்காவிட்டால் சிலர் கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘ஜேபிஜி’ (பொதுவான படக் கோப்பு வகை) என்று மாற்றிவிடுகிறார்கள். பெயர்தான் மாறும், உள்ளமைப்பு மாறாது. அது ஐபோன் கெமரா சேமிக்கும் எச்ஈஐசி வகைக் கோப்பு. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளின் 2.10.2 பதிப்பு முதல் அதைத் திறக்கலாம். பிறகு ‘எக்ஸ்போர்ட்’ மூலம் ஜேபிஜி ஆக்கிக்கொள்ளலாம்.

படம் படுத்தபடி வந்தால் பயப்பட வேண்டாம். கெமராவைப் பிடித்த திசை கோப்புக்குள் குறிப்பாக இருக்கிறது. திறக்கும்போது கிம்ப் கேட்டால் ‘ரொட்டேட்’ கொடுங்கள். கிம்பில் ஏற்கெனவே திறந்திருக்கும் அட்டை வடிவமைப்பின் மேலேயே படம் வர வேண்டுமென்றால் ‘ஓபன்’ அல்ல, ‘ஓபன் அஸ் லேயர்ஸ்’ கொடுங்கள். தெளிவை எப்போதும் 100 சதவீதப் பார்வையில் வைத்தே சோதியுங்கள். திரைக்குள் அடக்கிச் சுருக்கிப் பார்த்தால் மங்கலான முகமும் கூர்மையாகத்தான் தெரியும்.

பல வீடுகளில் மறைந்தவருக்கு என்று இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரே ஒரு சிறு போட்டோ. அதை போனால் படமெடுத்தால் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், ஓரம் கோணும். ஸ்கேனரில் 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) வைத்து எடுங்கள். 45 மில்லிமீற்றர் உயரப் படம் 2100 பிக்சலைத் தாண்டும். 7 அங்குலம் வரை நன்றாக அச்சாகும். போட்டோவே மங்கலாக இருந்தால் ஸ்கேனராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்கேன் செய்ததை தரம் குறையாமல் வைக்கும் டிஃப் கோப்பாகச் சேமித்து, பிரதியொன்றை வீட்டாரிடமும் கொடுத்துவிடுங்கள். ஜேபிஜியைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும்.

அச்சு வடிவமைப்பாளர் ஒருவர்,
அட்டன்