தாத்தாவின் பெயரைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

என் தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாய். இரண்டாம் உலகப் போரில், 1944 மார்ச் மாதம் பர்மாவின் கபாவ் பள்ளத்தாக்கில், தமு ஊருக்கு அருகே நடந்த காட்டுச் சண்டையில் இறந்தார். அம்மா அப்போது கைக்குழந்தை. பெண் பிறந்த சேதி தாத்தாவுக்குக் கடிதத்தில்தான் போனது. வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. பாட்டி பென்ஷன் வாங்கிய புத்தகம் மட்டும் டிரங்குப் பெட்டியில் இருந்தது. "பர்மாக் காட்டுல போயிட்டாரு" என்பதற்கு மேல் பாட்டிக்கும் எதுவும் தெரியாது. எண்பதைத் தாண்டிய அம்மாவுக்குத் தன் அப்பா எங்கே இறந்தார், எந்தத் தேதியில் இறந்தார் என்பது இந்த வருஷம்தான் தெரிந்தது. தெரிய வைத்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி வேலூர் சுபேதார் ஐயாவுக்கு. பென்ஷன் புத்தகத்தில் சிப்பாய் எண்ணின் கடைசி இலக்கம் அழிந்துபோயிருந்தது. மூன்றா எட்டா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஐயா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெயில் படும் திண்ணையில் உட்கார்ந்தார். உலகப் போர்களில் இறந்த சிப்பாய்களின் பெயர்களையும் கல்லறைகளையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இரண்டு எண்ணையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். எட்டுக்கு விடை வந்தது. தாத்தாவின் பெயர், அவருடைய அப்பா பெயர், பாட்டி பெயர், வட ஆற்காடு என்று எல்லாமே சரியாக இருந்தன.

கல்லறை ஏன் இல்லை என்று அம்மா கேட்டபோது ஐயா மழுப்பாமல் சொன்னார். ஜப்பானியப் படை அந்த மார்ச்சில் மணிப்பூரின் இம்பாலை நோக்கிப் பாய்ந்தது. தமு பக்கம் நின்ற இருபதாவது இந்திய டிவிஷன் சண்டை போட்டுக்கொண்டே ஷெனாம் மலைக்குப் பின்வாங்கியது. தமுவுக்கு எதிரே மணிப்பூர் எல்லையில் இருக்கும் மோரேவில் குவித்து வைத்திருந்த சரக்கை எதிரி கையில் கிடைக்கக் கூடாதென்று கொளுத்திவிட்டுப் போனார்கள். அப்படிப் பின்வாங்கும்போது காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போவதே பெரும்பாடு. இறந்தவர்களைப் பாதையோரத்தில் மூடிவிட்டு நகர வேண்டியதுதான். அப்புறம் மழைக்காலம் வந்தால் அந்தக் காட்டில் அடையாளம் எங்கே நிற்கும்? "தனியா விட்டுட்டுப் போகலம்மா, கூட இருந்தவங்க கையாலதான் மண்ணு விழுந்திருக்கும்" என்றார் ஐயா. அன்றைக்குத்தான் அம்மா வாய்விட்டு அழுதார். எத்தனையோ வருஷமாக உள்ளேயே இருந்த அழுகை அது.

யாங்கோன் அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? பர்மாவில் இறந்து, கல்லறை இல்லாமல் போன ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் தவுக்கியான் போர்க்கல்லறையில் உள்ள நினைவுத் தூண்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன. யாங்கோனிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். இன்றைய நிலைமையில் அந்தப் பயணம் சாதாரணமில்லை என்று எங்களுக்குத் தெரியும். நீங்கள் போனீர்கள். பெயர் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அங்கே தோட்டவேலை செய்பவர் ஏணி கொண்டுவந்து, ஈரத்துணியால் கல்லைத் துடைத்து, எழுத்து நன்றாகத் தெரிந்த பிறகுதான் படம் எடுக்க விட்டார் என்றீர்கள். அவருக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. போனில் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வோர் எழுத்தாக என்னிடம் கேட்டார். நான் சொல்லச் சொல்ல விரலை அதன் மேல் வைத்துக்கொண்டே வந்தார். அந்த நினைவிடத்து வாசகம் ஐந்து மொழிகளில் இருக்கிறது, தமிழ் அதில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் அதைத் தமிழில் சொல்லி அனுப்பிய குரல் பதிவை அம்மா இன்னும் கேட்கிறார்.

மோரே அண்ணன்களே, அண்ணிகளே! அறுபதுகளில் பர்மாவை விட்டு வரவேண்டியதாகி, மறுபடி அங்கேயே போய்விடலாம் என்று நடந்து, எல்லையைத் தாண்ட முடியாமல் மோரேவிலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் உங்களுடையவை. மணிப்பூரில் கலவரம் தொடங்கிய 2023 மே மாதத்திலிருந்து நீங்களே நிம்மதியாக இல்லை. அப்படியிருந்தும் அங்காள பரமேசுவரி கோயிலில் தாத்தா பெயருக்கு அர்ச்சனை செய்து, தமுவைப் பார்த்து விளக்கேற்றி, எள்ளும் தண்ணீரும் விட்டீர்கள். வீடியோவில் பின்னால் தெரிந்த மலையை அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜப்பானியரோடு சேர்ந்து போரிட்ட நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்த மலேயாத் தமிழர்களை நாம் பெருமையோடு பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். அதே இம்பால் போரில் எதிர்ப்பக்கம் நின்று செத்த நம் ஊர்ச் சிப்பாய்களைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. வெள்ளைக்காரன் பட்டாளம் என்று ஒதுக்கிவிடுகிறோம். பஞ்சத்துக்குப் பட்டாளத்தில் சேர்ந்த பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் அவர்கள். இரண்டு பக்கமும் விழுந்தது நம் வீட்டுப் பிள்ளைகள்தான். தேடலில் உதவிய உங்களில் ஒருவர்கூட "எந்தப் பக்கம்?" என்று கேட்கவில்லை. அதற்காகவும் நன்றி.

1944-ஆம் வருஷத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்துத் திதி கணித்துத் தந்த எங்கள் ஊர் குருக்களுக்கும் நன்றி. பங்குனித் தேய்பிறையில் வருகிறது. இத்தனை காலமும் தை அமாவாசையில் பொதுவாகக் கொடுத்துவந்தோம்.

வரும் பங்குனியில் அம்மா முதல் தடவையாக அப்பாவுக்கு முறையாகத் திதி கொடுக்கிறார். நீங்கள் எல்லோரும் வந்து சாப்பிட்டுப் போக வேண்டும் என்று சொல்லச் சொன்னார். சுபேதார் ஐயா வருவதாகச் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய பென்ஷன் புத்தகமோ மெடலோ கிடந்தால் அன்றைக்கு எடுத்து வாருங்கள். ஆணையத்தின் பட்டியலை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம், நானும் ஐயாவும் உட்கார்ந்து தேடித் தருகிறோம்.

அன்புடன்,
ஒரு சிப்பாயின் பேத்தி