தடுங்கள், ஆனால் சொல்லிவிட்டுத் தடுங்கள்

மின்னஞ்சல் நிரல்களை எழுதுபவர்களுக்கு,

வணக்கம். ஆடிட்டர் அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுப்பவன் நான். ஆபத்தான அட்டாச்மென்ட்டை நீங்கள் தடுப்பது தப்பு என்று சொல்ல இதை எழுதவில்லை. தடுக்கிற விதம் எங்களுக்கு என்ன பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன செப்டம்பர் கடைசி, ஆடிட் ரிப்போர்ட் முடிக்க வேண்டிய நேரம். ஒரு வாடிக்கையாளர் பழைய ஸ்டாக் கணக்கை ஆக்சஸ் ஃபைலாக, அதாவது மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் ஃபைலாக அனுப்பினார். பெயர் எம்டிபி என்று முடியுமே, அது. அவருடைய சென்ட் பாக்ஸில் ஃபைலோடு மெயில் இருக்கிறது. இங்கே மெயில் மட்டும் திறக்கிறது, மேலே ஆங்கிலத்தில் ஒற்றை வரி, ஆபத்தாக இருக்கலாம் என்று தடுத்துவிட்டதாக. சேவ் பண்ணவும் வழியில்லை. "அனுப்பிட்டேனே" என்று அவரும் "வரலையே சார்" என்று இங்கே கணக்கு பார்க்கும் பெண்ணும் போனிலேயே ஒன்றரை மணி நேரம் ஓட்டினார்கள். ஜிப் செய்து அனுப்பினார், அதுவும் வழியில் நின்றுவிட்டது. கடைசியில் நான்தான் ஜிப்புக்கு பாஸ்வேர்டு போட்டு, பாஸ்வேர்டை மெயிலிலேயே எழுதி அனுப்பச் சொன்னேன். உடனே வந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஜிஎஸ்டி நோட்டீஸ் என்று ஒரு மெயில், அதே மாதிரி ஜிப், பாஸ்வேர்டு மெயிலிலேயே. அந்தப் பெண் யோசிக்காமல் பிரித்துவிட்டார். உள்ளே இருந்த ஃபைலின் பெயர் பிடிஎஃப் என்றுதான் முடிகிறது, ஆனால் ஐகான் சுருட்டிய காகிதம் மாதிரி இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு என்னைக் கூப்பிட்டார். பிடிஎஃப் என்பதற்குப் பின்னால் ஜேஎஸ் என்று இன்னொரு எக்ஸ்டென்ஷன் (ஃபைலின் வகையைச் சொல்லும், பெயரின் கடைசி எழுத்துகள்), விண்டோஸ் அதை மறைத்து வைத்திருந்தது. ஜேஎஸ் என்றால் கிளிக் செய்ததும் ஓடும் நிரல். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார்.

இது புது வித்தையும் இல்லை. 2000 மே மாதம் ஐ லவ் யூ வைரஸ் உலகத்தையே சுற்றியது இப்படித்தான்: டிஎக்ஸ்டி என்று தெரிகிற பெயர், பின்னால் மறைந்த விபிஎஸ் (இதுவும் ஓடும் நிரல்தான்), கிளிக் செய்தால் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருக்கும் எல்லாருக்கும் மெயில். அடுத்த மாதமே அவுட்லுக்கில் இப்படிப்பட்ட ஃபைல்களைத் தடுக்கும் அப்டேட் வந்தது. அன்றைக்கு அது அவசியம், இன்றைக்கும் அவசியம்தான். அப்புறம் 2022-இல் இணையத்திலிருந்து வரும் ஆபீஸ் ஃபைல்களில் மேக்ரோவை (ஃபைலுக்குள்ளேயே இருக்கும் குட்டி நிரலை) மைக்ரோசாஃப்ட் தடுக்க ஆரம்பித்ததும், வைரஸ் அனுப்புகிறவர்கள் ஐஎஸ்ஓ, எல்என்கே, ஒன்நோட் என்று வேறு வேறு வகை ஃபைலுக்கு மாறிக்கொண்டே போனார்கள். பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அவர்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள், பட்டியலில் மாட்டிக்கொண்டு நிற்பது ஸ்டாக் கணக்கு அனுப்புகிறவர்தான்.

அதனால் கேட்கிறேன், இணைக்கும்போதே அனுப்புகிறவரிடம் சொல்லிவிடுங்கள். ஜிமெயிலில் ஒரு இஎக்ஸ்இ ஃபைலை இணைத்தால் அங்கேயே தடுத்துவிட்டதாகச் சொல்லிவிடும், அந்த ஒரு விஷயம் எல்லா நிரலிலும் இருந்திருந்தால் எங்கள் ஒன்றரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். பெறுகிறவரிடம் எந்த ஃபைல், ஏன் தடுத்தீர்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று தமிழிலேயே சொல்லுங்கள். மெனு எல்லாம் தமிழில் வைத்துவிட்டு எச்சரிக்கையை மட்டும் ஆங்கிலத்தில் விடாதீர்கள், படித்துப் புரியவேண்டிய வரியே அதுதான். முழு எக்ஸ்டென்ஷனையும் எப்போதும் காட்டுங்கள். தடுத்த ஃபைலை ஒரு ஓரமாக வைத்திருந்து, அலுவலகத்தில் பொறுப்பில் இருப்பவர் பார்த்து விடுவிக்க வழி கொடுங்கள். விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய், விட வேண்டிய எக்ஸ்டென்ஷனைச் சேர்ப்பது எனக்குத் தெரியும், ஆனால் அப்படித் திறந்துவிட்டால் அந்த ஒரு ஃபைலுக்கு மட்டுமா திறக்கிறது? அந்த வகை ஃபைல் யாரிடமிருந்து வந்தாலும் உள்ளே வந்துவிடும்.

முக்கியமாக, பாஸ்வேர்டு போட்ட ஜிப்பை யோசித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபைலை உங்கள் ஸ்கேனரால் பொதுவாகத் திறந்து பார்க்க முடியாத பெட்டி அது. நேர்வழியில் வந்த ஃபைலைத் திருப்பி அனுப்பிவிட்டு அந்தப் பெட்டியை உள்ளே விட்டால், நல்லவரும் கெட்டவரும் ஒரே வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

அந்த வாடிக்கையாளர் இன்னும் பாஸ்வேர்டு போட்ட ஜிப்பில்தான் அனுப்புகிறார், எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அடுத்த செப்டம்பருக்குள் அவரிடம் "இனிமேல் அப்படி வேண்டாம் சார், நேராவே அனுப்புங்க" என்று நான் சொல்லும்படி செய்துகொடுங்கள்.