‘இலவசமாக’ என்ற அந்த ஒரு சொல்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட கிரீன்லாந்தை அமெரிக்கா தனக்குக் கேட்கும் விவகாரம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அதில் “இத்தனை வருடமும் அமெரிக்கக் குடையின் கீழ் இலவசமாக ஒதுங்கி நின்ற டென்மார்க்” என்று ஒரு வரி வருகிறது. மூன்று நாளாகிறது, அந்த ‘இலவசமாக’ இன்னும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு கிடக்கிறது.

நான் 1986இல் டென்மார்க்கில் அகதியாக வந்து இறங்கியவன். இன்றுவரை ஹேர்னிங்கில்தான் இருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டு டேனிஷ் அம்மாவின் மகன் படையில் சேர்ந்து ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் இறந்தான். என் பிள்ளைகளோடு எங்கள் முற்றத்தில் பந்தடித்து வளர்ந்த பெடியன், என் மனைவி வடை சுட்டால் அடுப்படியில் நின்றபடியே இரண்டைச் சாப்பிட்டுவிட்டு ஓடுவான். இப்போது அந்த வீட்டு யன்னல் ஓரம் அவன் படமும் ஒரு பதக்கமும் இருக்கின்றன. எப்போது போனாலும் அந்த அம்மா பேசிக்கொண்டே பதக்கத்தின் நாடாவை விரலால் நீவி நேராக்கிக்கொண்டிருப்பார். 2025 மார்ச்சில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி வான்ஸ் கிரீன்லாந்திலுள்ள அமெரிக்காவின் பிட்டுஃபிக் படைத்தளத்துக்கு வந்து, கிரீன்லாந்து மக்களுக்கு டென்மார்க் நல்லது செய்யவில்லை என்று பேசினாரே, அன்று நான் அந்த அம்மா வீட்டில்தான் இருந்தேன். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, தேநீர் ஆறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை அவர். ஆப்கானிஸ்தானில் டென்மார்க் 40க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது. 60 லட்சம் பேர்கூட இல்லாத நாடாக இருந்த காலம் அது. சனத்தொகையோடு வைத்துப் பார்த்தால் அங்கே போன நாடுகளில் அதிக இழப்பைச் சந்தித்தவற்றில் ஒன்று. இதைத்தான் இலவசம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

உயிர் மட்டுமில்லை, மண்ணும் கொடுத்தார்கள். கிரீன்லாந்தில் அமெரிக்கா படைத்தளம் வைக்க இடம் கொடுத்த 1951 ஒப்பந்தம் உங்களுக்குத் தெரியாததல்ல. அதன் பிறகு தூலேயில் தளம் எழும்பியது (அதுதான் இன்றைய பிட்டுஃபிக்), 1953இல் அங்கே பரம்பரையாக வேட்டையாடி வாழ்ந்த இனுகுவிட் மக்களைச் சில நாள் அவகாசத்தில் வடக்கே கானாக் பக்கம் கிளப்பினார்கள். அந்தப் பாவம் டென்மார்க்கைத்தான் சேரும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் யாருக்காகச் செய்தார்கள்? அணுகுண்டு எங்கள் மண்ணில் வேண்டாம் என்பதுதான் நாட்டின் கொள்கை. ஆனால் 1957இல் டேனிஷ் பிரதமர் ஹான்சன், கிரீன்லாந்தில் அணுகுண்டு வைக்க அமெரிக்கர்களுக்கு மறைமுகமாகத் தலையாட்டினார், அது 1995இல்தான் வெளியே வந்தது. அதற்கிடையில் 1968 ஜனவரியில் 4 ஹைட்ரஜன் குண்டுகளோடு ஒரு பி-52 விமானம் தூலேக்குப் பக்கத்துக் கடற்பனியில் விழுந்து நொறுங்கிவிட்டது.

அப்புறம் ஐரோப்பா. வாஷிங்டனை நம்பியதால்தான் டென்மார்க் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரஸ்ஸல்ஸ் வாசலில் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டே நின்றது. 1992 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கும் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை மக்கள் நிராகரித்தார்கள், டிசம்பரில் எடின்பரோ உச்சி மாநாட்டில், ஒன்றியத்தின் சில கூட்டு ஏற்பாடுகளில் சேராமல் இருக்க நான்கு விலக்குகள் கிடைத்தன, அதில் ஒன்று பாதுகாப்பு. நேட்டோ இருக்கும்போது ஐரோப்பியப் படை எதற்கு என்பதுதான் அப்போது வேலைத்தலத்தில் எல்லாரும் சொன்னது. நானும் அதை நம்பினேன். பொஸ்னியாவில் நேட்டோ கொடியின் கீழ் நின்ற டேனிஷ் படையினர், 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பொறுப்பை எடுத்ததும் இந்த விலக்கினால் மூட்டை கட்டவேண்டி வந்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால்தான் பிரான்சும் ஜெர்மனியும் வேண்டாம் என்று நின்ற ஈராக் போருக்கு, 61க்கு 50 என்ற வாக்கில் நாடாளுமன்றம் சரி என்றது. இப்படி அயலவனை விட்டுவிட்டுத் தூரத்து நண்பனோடு நின்ற நாட்டிடம்தான் அந்த நண்பன் இன்று கிரீன்லாந்தைத் தா என்கிறான்.

2022 ஜூன் 1ஆம் தேதி அந்தப் பாதுகாப்பு விலக்கை நீக்க சர்வஜன வாக்கெடுப்பு நடந்தபோது நானும் என் மகளும் ஒன்றாகப் போய் ஆம் என்று போட்டோம். மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அப்படித்தான் போட்டார்கள். 30 வருடம் பிந்தித்தான் புத்தி வந்தது, ஆனாலும் வந்தது. 2025 செப்டம்பரில் வான் பாதுகாப்புக்கு அமெரிக்கப் பேட்ரியட்டை விட்டு பிரெஞ்சு-இத்தாலிய சாம்ப்-டியைத் தேர்ந்தெடுத்ததும் அந்தப் பாதையில்தான். அடுத்த மாதமே இன்னும் 16 அமெரிக்க எஃப்-35 போர் விமானங்கள் வாங்குவதாக அறிவித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உதிரிப்பாகத்துக்கும் மென்பொருளுக்கும் அமெரிக்காவின் கையை எதிர்பார்த்திருக்கும் விமானத்தை வைத்துக்கொண்டு கிரீன்லாந்தை யாரிடமிருந்து காப்பது?

இவற்றில் ஒரு வரியாவது உங்கள் கட்டுரையில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இன்னொன்றும் மனதில் நெடுநாளாக இருக்கிறது. எடின்பரோவில் பேரம் பேசிய அதே பிரதமர் ஷ்லூட்டரின் அரசு அடுத்த மாதமே, 1993 ஜனவரியில், பதவி விலகியது தமிழ் அகதிகளின் குடும்பங்களை வரவிடாமல் தடுத்த விவகாரத்தினால். நீதி அமைச்சராக இருந்தவர் பிறகு தண்டனையும் பெற்றார். டென்மார்க்கில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த ‘தமிழர் வழக்கு’ இது. அதன் 30 வருட நிறைவுக்கு உங்களுக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன், வெளிவரவில்லை. இடம் போதாமல் இருந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இந்த முறை கேட்பது சிறிய விஷயம். டென்மார்க்கை ‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடு’ என்று உங்கள் வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் போட்டிருக்கிறீர்கள். வெளியே உள்ளது நோர்வே. டென்மார்க் 1973இலிருந்து உள்ளே இருக்கிறது, கிரீன்லாந்துதான் 1985இல் வெளியேறியது. அடுத்த இதழில் இதற்கு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அதே இடத்தில் அந்த ‘இலவசமாக’ என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். திருத்தம் வந்தால் டேனிஷில் மாற்றிச் சொல்லி, அந்த அம்மாவுக்குக் காட்டுவேன்.

இப்படிக்கு,
25 வருட வாசகன்,
ஹேர்னிங், டென்மார்க்