பாரிஸிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். குளிருக்குக் கனமான கோட்டு வாங்கியாகிவிட்டது. லா சாப்பல் பக்கம் யாழ்ப்பாணத்துக்காரர்களின் கடைகளில் முருங்கைக்காய் வரை கிடைக்கிறது. சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே.

உடை வடிவமைப்புப் படிப்பைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இங்கே யாரும் நேராக நல்ல துணியில் கத்தரி வைப்பதில்லை. காடாத்துணியை ஸ்டாண்டு பொம்மைமேல் போட்டு, குண்டூசி குத்திக் குத்தி உருவத்தைக் கொண்டுவர வேண்டும். அது சரியாக அமைந்த பிறகுதான் பட்டெல்லாம்.

வகுப்பு இல்லாத நாட்களில் மோன்பர்னாஸில் கிராண்ட் ஷோமியேர் என்ற ஓவியக்கூடத்துக்குப் போகிறேன். 1904-இல் தொடங்கிய இடம். வாத்தியார் கிடையாது. மேடையில் ஒருவர் துணியில்லாமல் நிற்பார், சுற்றி உட்கார்ந்து வரைய வேண்டியதுதான். நீ முகம் சுளிப்பாய், கொஞ்சம் பொறுத்துக் கேள். போன வாரம் நின்ற பெண்மணிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அடிவயிற்றில் ஆபரேஷன் தழும்பு. வலது காலில் பாரத்தைப் போட்டு நின்றார். அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறியது, அதே பக்கத்துத் தோள் இறங்கியது, முதுகெலும்பு லேசாக வளைந்து இரண்டுக்கும் ஈடுகொடுத்தது. டேப் பிடித்து எடுக்கும் அளவுகளில் இது எதுவுமே வராது. நம் தையல் கடைக்கு வருகிறவர்கள் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீயோ அவர்கள் படியேறும்போதே எந்தத் தோள் இறக்கம் என்று பார்த்துவைத்திருப்பாய். அந்தக் கண் எவ்வளவு பெரிய வித்தை என்று இப்போதுதான் புரிகிறது.

உனக்குப் பிடிக்கக்கூடிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மட்லேன் வியோனே என்ற பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர், 1876-இல் பிறந்தவர், சின்ன வயதிலேயே தையல் வேலைக்குப் போனவர். பெண்கள் கோர்செட்டால் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், மாடல் பெண்களைக் கோர்செட் இல்லாமல், வெறுங்காலோடு நடக்கவைத்தவர். 1912-இல் சொந்தக் கடை. சின்ன மரப்பொம்மைமேல் துணியைப் போட்டுப் பார்த்தே உடையை உருவாக்குவார். நீ ஜாக்கெட்டின் முன்பக்கத்தைக் கிராஸ் கட்டிங் போடுகிறாய் அல்லவா, அவர் முழு கவுனையே அப்படி வெட்டினார். துணியைக் கோணலாகத் திருப்பி வெட்டும்போது நெடுக்கு இழையான பாவும் குறுக்கு இழையான ஊடையும் விட்டுக்கொடுக்கின்றன. துணி இழுபட்டு, உடம்பு எப்படியோ அப்படியே படிகிறது. அவர் 1952-இல் கொடுத்த உடைகள் இங்கே அலங்காரக் கலை அருங்காட்சியகத்திடம் இருக்கின்றன.

இதெல்லாம் என்னையும் மாற்றியிருக்கிறது, அம்மா. கையில் பால் கொட்டிய தழும்பு தெரியக்கூடாது என்று முழுக்கைதான் வேண்டும் என அடம்பிடிப்பேனே, அந்தக் கையைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கரித்துண்டால் வரைந்தேன். தழும்பின் ஓரத்தில் தோல் முழங்கையை நோக்கிச் சுருங்கியிருக்கிறது, நடுவில் மழமழவென்று மினுங்குகிறது. இத்தனை வருஷமாக அதை நான் பார்த்ததே இல்லை, மூடிக்கொண்டு மட்டுமே இருந்திருக்கிறேன். வரைந்து முடித்தபோது, அதுவும் என் கையில் ஒரு இடம், அவ்வளவுதான் என்று தோன்றியது. அப்புறம் எனக்காகத் தைத்த முதல் உடைக்குக் கையே வைக்கவில்லை.

அடுத்தது உன் ஜாக்கெட். அளவு ஜாக்கெட் அனுப்பாதே. தம்பியிடம் சொல்லி உன் முதுகுப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. மிஷினில் குனிந்து குனிந்து உன் வலது தோள் இறங்கியிருக்கும், அதற்குத் தகுந்தபடி வெட்டுகிறேன். கழுத்து எவ்வளவு இறக்கம் வேண்டும் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் மகள்