இசைத்தட்டுகள் சுவர் அலங்காரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டு வீடுகளின் பழம்பொருள்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல் என்று ஒவ்வொன்றையும் ரசித்து எழுதிய கட்டுரையாளர், கிராமபோன் தட்டுகளுக்கு வந்ததும், அந்தக் காலத்துச் சீமைப் பாடகிகளின் கீச்சுக்குரல் இன்று யாருக்கும் வேண்டியதில்லை, தட்டுகளைச் சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும் என்ற பொருள்பட ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

கீச்சென்று கேட்பது குரலின் குறை அன்று. 1925 வாக்கில் மைக்ரோபோன் வரும்வரை, பாடுபவர் ஒரு பெரிய கூம்பின் வாயருகே நின்று பாட, அந்த ஒலியின் விசை மட்டுமே ஒரு மெல்லிய தகட்டை அதிரவைத்து, ஊசியால் மெழுகில் கோடு கீறியது. ஏறத்தாழ 2,000 முதல் 2,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகள் அதில் சரியாகப் பதியவில்லை. ஆபரா என்ற மேலைநாட்டு இசைநாடகத்தில் சொப்ரானோ எனப்படும் உச்சஸ்தாயிப் பெண்குரலுக்கு ஒளியும் சதைப்பற்றும் தருபவை பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலே இருப்பவையே. அதோடு, உச்ச சுரம் வரும்போது ஊசி தாவிவிடாமலிருக்கப் பாடகி கூம்பைவிட்டுப் பின்வாங்க வேண்டியிருந்தது. இத்தனையையும் மீறித் தட்டில் தங்கியதை வைத்துக்கொண்டு குரலையே பழிப்பது நியாயமாகாது.

மேகி டெய்ட் என்ற ஆங்கிலேயப் பாடகியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1888இல் வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்து, பாரிஸில் ழான் டி ரெஸ்கே என்ற புகழ்பெற்ற பாடகரிடம் பயின்ற அவர், 1908இல், இருபது வயதில், பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் ஆபராவில் நாயகி மெலிசாந்த் பாத்திரத்தை அந்நகரின் ஒபேரா கோமிக் அரங்கில் ஏற்றார். 1902இல் அப்பாத்திரத்தை முதன்முதலில் பாடிய மேரி கார்டனுக்கு அடுத்து வந்த இந்த இளம்பெண்ணுக்கு டெபுஸியே உட்கார்ந்து பாடம் சொன்னார். கச்சேரிகளில் அவருக்குப் பியானோவும் வாசித்தார். ஆனால் அந்தக் கூட்டணி எந்தத் தட்டிலும் இல்லை. டெபுஸி ஒரு பாடகிக்கு வாசித்துப் பதிவானவை 1904இல் மேரி கார்டனுடன் செய்த சில தட்டுகள் மட்டுமே. டெய்ட் கூம்புக் காலத்தில் பதிவுசெய்தவற்றில் பல இலேசான ஆங்கிலப் பாடல்கள். அவற்றைக் கேட்டு அவரை எடைபோட்டால் நம் கட்டுரையாளரின் முடிவுக்குத்தான் வர நேரும்.

1923இல் லண்டன் கோவன்ட் கார்டனில் ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் புதிய ஆபராவில் இளவரசியாகப் பாடியவர், 1930களின் தொடக்கத்தில் வாய்ப்பின்றி, பலவகைக் கேளிக்கை மேடைகளில் வாரத்துக்கு 24 காட்சிகள் பாடும் நிலைக்கு வந்தார். அந்த நிலையிலிருந்து அவரை மீட்டவை தட்டுகளே. 1936இல் ஆல்ஃப்ரெட் கோர்த்தோவின் பியானோவுடன் அவர் பாடிய டெபுஸி பாடல்கள், மைக்ரோபோன் வழியான மின்முறைப் பதிவில், ஹெச்.எம்.வி. நிறுவனத்தின் தட்டுகளாக வெளிவந்தன. வரிக்குள் சொல் எங்கே சாய்கிறது, எங்கே பேச்சாகிறது, எங்கே மூச்சு நிற்கிறது என்பதெல்லாம் அதில் தெளிவாகக் கேட்கிறது. பிரெஞ்சு கலைப்பாடல்களுக்கு இவரே என்ற பெயர் அதன்பிறகுதான் நிலைத்தது. 1948இல், அறுபதை நெருங்கிய வயதில், நியூயார்க்கில் மீண்டும் மெலிசாந்தாகப் பாட அழைக்கப்பட்டார். 1958இல் 'டேம்' பட்டமும் பெற்றார். டெபுஸி நேரில் சொல்லிக்கொடுத்த பாடம் நம் காதுவரை வந்து சேர்ந்த வழிகளில் அந்த அரக்குத் தட்டுகளும் ஒன்று. நம் வீணை தனம்மாளின் வாசிப்பை 1930களில் கொலம்பியா நிறுவனம் எடுத்த சில தட்டுகளை வைத்துத்தானே இன்றும் பேசுகிறோம்?

இதையெல்லாம் செட்டிநாட்டில் இருந்துகொண்டு சொல்லக் காரணம் உண்டு. கிராமபோன் தட்டு விற்ற காரைக்குடிக் கடையிலிருந்து கிளம்பித்தான் ஏ.வி.மெய்யப்பன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாகத் தட்டுகளை வெளியிட்டார், ஏ.வி.எம். ஸ்டூடியோ பின்னால் வந்தது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் பெட்டகங்களில் தமிழ்த் தட்டுகளோடு சீமைத் தட்டுகளும் கலந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பங்காளிகள் பலருக்கும் பொதுவான வீடு கைமாறும்போது, தூணுக்கும் கதவுக்கும் தனித்தனியே விலை பேசுகிறவர்கள் தட்டுகளை மட்டும் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அவற்றில் என்ன இருக்கிறது என்று யாரும் படித்துப் பார்ப்பதில்லை. லேபிள் கிழிந்திருந்தாலும், அதையொட்டிய வழவழப்பான வளையத்தில் பொறித்த பதிவு எண்ணைக் கொண்டு பாடியவரையும் பதிவான காலத்தையும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமைக்காலம் வெளியீட்டுக்குப்பின் 60 ஆண்டுகளே ஆதலால், 1936இல் வெளிவந்த தட்டைப் பிரதியெடுக்க அந்தப் பதிவின் உரிமை தடையாக இராது.

பழைய வீடுகளை விடுதியாக்குவோருக்கு ஒரு வேண்டுகோள். தட்டுகளைப் பளபளப்பாக்க ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். தேக்குத் தூணுக்குப் பாலிஷ் போடும் ஆசாரியைக் கேட்டால் சொல்வார்: அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அந்தத் தட்டும் அரக்கால் செய்யப்பட்டதே. நெட்டுக்குத்தாக அடுக்கி, லேபிளில் ஈரம் படாமல் வெறும் நீரால் துடைத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தேவகோட்டை.